மூணாவது மாசத்துல அம்மா டிபி மாத்திரையை விட்டுட்டாங்க, என்ன செய்யன்னு தெரியல

ஆலங்குளத்துப் பக்கத்துப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதுறது இதுதான் முதல் தடவை. ஊருல யார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம், அதான் இங்க கேக்கேன். நீளமாப் போனா பொறுத்துக்கிடுங்க.

எங்க ஊரு ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவுல ஒரு கிராமம். அம்மாவுக்கு 46 வயசு, பீடி சுத்துறாங்க. அப்பா இல்ல. நான் பி.காம். முடிச்சிட்டு வீட்டுல இருக்கேன், தம்பி பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம்.

போன ஐப்பசி மழையில ஆரம்பிச்ச இருமல் அம்மாவுக்கு நிக்கவே இல்ல. பீடி சுத்துற வீட்டுல இருமலை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. தூள் ஏறிட்டு, அதான் இருமுதான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடிச்சே மூணு மாசம் ஓடிட்டு. உடம்பு கரைஞ்சுது, சாயந்தரமானா காய்ச்சல், ராத்திரி தலையணை நனையுற அளவு வேர்வை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு இருக்கும்போது இருமினாங்க, சளியில ரத்தம் நூலாட்டம் வந்துட்டு. லீவு முடிஞ்ச கையோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சளி எடுத்து மெஷின்ல வச்சுப் பாத்துட்டு, டிபிதான், ஆனா மருந்துக்குக் கேக்குற டிபின்னு சொன்னாங்க.

தை முடியுறதுக்குள்ள மருந்து ஆரம்பிச்சாச்சு. எடை 38 கிலோ, அதனால தினம் 3 மாத்திரை. ரெண்டு மாசம் ஒழுங்காப் போட்டாங்க. இருமல் நின்னுட்டு, காய்ச்சல் போயிட்டு, எடை 41 ஆச்சு. திரும்பச் சளி பாத்ததுல கிருமி இல்லன்னு வந்துது. இனி 4 மாசத்துக்கு வேற மாத்திரை, அதுவும் தினம் 3-ன்னு சொல்லி ஒரு மாசத்துக்கு உள்ளதைக் கையில குடுத்து விட்டாங்க.

இங்கதான் பிரச்சனை. முந்தாநாள் அம்மா பீடிக்கடைக்குப் போயிருந்தப்ப, மாத்திரை வச்சிருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவை எதார்த்தமாத் திறந்தேன். 28 நாளைக்கு 84 மாத்திரை. அன்னைக்கோட 20 நாள் முடிஞ்சிருக்கு, 24 தான் மிச்சம் இருக்கணும். 51 இருந்துது. தார்சாவுல உக்காந்து ரெண்டு தடவை எண்ணினேன். 9 நாள் முழுங்கவே இல்ல. தினமும் காலையில "போட்டாச்சாம்மா"ன்னு நான் கேப்பேன், "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னு தலையைத் தூக்காமலே சொல்லுவாங்க.

கேட்டா சண்டை. "எனக்குத்தான் சரியாயிட்டுல்லா, பொறவு எதுக்கு அந்தச் சனியனைப் போட்டு முழுங்கச் சொல்லுத?"ங்காங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, இதுக்குக் காரணமே நான்தான். வைகாசியில சுரண்டைப் பக்கத்துல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வாராங்க. டிபி ஆபீஸ்ல இருந்து ஒரு அண்ணன் பைக்ல வந்து விசாரிச்சிட்டுப் போனாரு. அவரு தலை மறையுறதுக்குள்ள எதிர்வீட்டு மைனி வந்து "யாரு அது, எதுக்கு வந்தாவ"ன்னு கேட்டுட்டாங்க. அதுல இருந்து அம்மா முகமே சரியில்ல. வீட்டுல டிபின்னு வெளிய தெரிஞ்சா எனக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு பயப்படுறாங்கன்னு நினைக்கேன்.

கிருமி இல்லன்னு வந்த பொறவும் 4 மாசம் கட்டாயம் போடணுமா? 9 நாள் விட்டதுக்கு என்ன ஆகும், மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா? பீடித் தூள்னாலதான் இது வந்துதா? எல்லாத்துக்கும் மேல, அம்மாவை எப்படிப் போட வைக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூலிகைத் தோட்டம் எழுதியது:

தங்கச்சி, அந்த மாத்திரை எல்லாம் கடுஞ்சூடு, ஈரலைக் கெடுத்திரும். சளியில கிருமி இல்லன்னு வந்துட்டுல்லா, அதுக்கு மேல எதுக்கு? ஆடாதோடை இலையும் தூதுவளையும் போட்டுக் கஷாயம் வச்சு ஒரு மண்டலம் குடுங்க. நெஞ்சுல உள்ளது எல்லாம் அறுத்துக்கிட்டு வெளிய வந்திரும். அம்மாவைப் போட்டு வற்புறுத்தாதீங்க.

பாளை, பழைய டிபி ஊழியர் எழுதியது:

பாப்பா, மேல ஒருத்தர் எழுதியிருக்கிறதை முதல்ல ஒதுக்கி வச்சிரு. ஆடாதோடை இருமலுக்கு நல்லதுதான், எங்க வீட்டுக் கொல்லையிலயும் நிக்கி. ஆனா டிபி கிருமியை அது கொல்லாது. மாத்திரையை நிறுத்திட்டுக் கஷாயத்துக்குப் போனவங்க மறுபடியும் ரத்தம் துப்பிக்கிட்டு வந்து நின்னதை நான் பாத்திருக்கேன். எழுதினவர் மேல கோவம் இல்ல. அதை நம்பி இன்னும் ஒரு வாரம் போயிருமோன்னுதான் பயம்.

நான் 1999-ல டிபி வேலையில சேந்தவன், 2022-ல ஓய்வு. பூரா நம்ம நெல்லைச் சீமைதான். அப்ப தென்காசி தனி ஜில்லா ஆகல, உங்க பீடி ஊருங்க எல்லாம் நான் பைக்ல சுத்தின ஊருங்கதான்.

உன் கேள்விக்கு வாரேன். ஆமா, 4 மாசம் கட்டாயம். டிபி கிருமியில வேகமாப் பெருகுறது ஒரு கூட்டம். அது முதல் ரெண்டு மாசத்துல செத்துரும். இருமல் நிக்கிறதும் சளி சுத்தமா வர்றதும் அதனாலதான். இன்னொரு கூட்டம் நெஞ்சுக்குள்ள அசையாமக் கிடக்கும். மாத்திரை அதைத் தொடணும்னா அது எந்திரிச்சு அசையணும். எப்ப அசையும்னு யாருக்கும் தெரியாது, அதனாலதான் தினமும் உடம்புல மருந்து இருந்துக்கிட்டே இருக்கணும். விட்டு விட்டுப் போட்டா, கொஞ்சம் மருந்தைப் பாத்துப் பழகின கிருமிதான் மிஞ்சும். அது பெருகிட்டுன்னா இப்ப கேக்குற மாத்திரை பொறவு கேக்காது. அப்படிப்பட்ட டிபிக்கு முன்னெல்லாம் ஊசியோட ரெண்டு வருஷம் வரைக்கும் மருந்து. இப்ப பல பேருக்கு அதையும் ஆறு மாசத்துல முடிக்கிற மருந்து வந்துட்டு, ஆனா அது இதைவிடக் கடுமையான மாத்திரை. அந்த வாசலுக்கு உங்க அம்மா போக வேண்டாம்.

9 நாளுக்குப் பதறாத. ஒரு மாசத்துக்கு மேல தொடர்ச்சியா விட்டாத்தான் பாதியில விட்டவங்கன்னு எங்க கணக்குல வரும். இப்ப விட்ட நாளைக் கடைசியில சேத்து முடிக்கச் சொல்லுவாங்க. முடிவு டாக்டர் கையில, அதனால ஆஸ்பத்திரியில மறைக்காமச் சொல்லிரு. விட்டதுக்குச் சேத்து ஒரே நாள்ல 6 மாத்திரை போடுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பீடித் தூள்ல டிபி வராது. அது கிருமியால, காத்து வழியாப் பரவுற நோய். ஆனா தூளு ஒரு கெடுதல் செய்யுது. எல்லா இருமலுக்கும் தூளு மேலயே பழியைப் போட்டுட்டு மூணு மாசம், நாலு மாசம் சும்மா இருந்துருவாங்க. உங்க வீட்டுல நடந்ததும் அதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளி பாக்கணும்னு அந்த ஊருங்கள்ல நான் சொல்லாத திண்ணை இல்ல.

இனி உன் கடைசிக் கேள்வி. அதுக்கு நான் ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும்.

நான் சேந்த புதுசுல தினசரி மருந்து கிடையாது. வாரத்துல மூணு நாள், நோயாளி நேர்ல வந்து எங்க கண்ணு முன்னால முழுங்கணும். ஒவ்வொருத்தருக்கும் பேர் எழுதின ஒரு பெட்டி, முழு மருந்தும் அதுக்குள்ள இருக்கும். புதுசா நோய் கண்டவங்களுக்குச் சிவப்புப் பெட்டி. செங்கச் சூளையில கல் அறுக்கிற ஒருத்தரு வந்துக்கிட்டு இருந்தாரு, 34 வயசு. ஒரு மாசம் சரியா வந்தாரு. பொறவு ஒரு நாள் வருவாரு, ஒரு நாள் வர மாட்டாரு. ஒரு தடவை பதினோரு மணிக்கு மேல வந்து நின்னாரு. அன்னைக்குக் கூட்டம். எல்லாரு முன்னாலயும் வச்சு, "உசுரு உமக்கா எனக்கா? உமக்கு இருக்க அக்கறை இம்புட்டுத்தானா?"ன்னு சத்தம் போட்டேன். அவரு ஒண்ணும் பேசல. மாத்திரையை வாங்கி முழுங்கினாரு, டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சாரு, போயிட்டாரு. அப்புறம் வரல.

மூணு தடவை வீட்டுக்குப் போனேன். கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாருன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. எட்டு மாசம் கழிச்சு ஆட்டோவுல படுக்க வச்சுக் கொண்டாந்தாங்க. 19 நாள் இருந்தாரு. கருமாதி எல்லாம் முடிஞ்ச பொறவுதான் அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க: சூளையில வேலை ஆறு மணிக்குத் தொடங்கிரும். நாங்க திறக்கிறது ஒம்போது மணிக்கு. மருந்துக்கு வர்ற அன்னைக்கு அவருக்குக் கூலி கிடையாது. வாரத்துல மூணு நாள் கூலி போச்சுன்னா மூணு பிள்ளையளுக்கு எங்க போக? அவரு ஒரு நாளும் இதை என்கிட்டச் சொல்லல. நானும் ஒரு நாளும் கேக்கல. அந்தச் சிவப்புப் பெட்டி ரொம்ப நாளு அலமாரியில இருந்துது. பாதிக்கு மேல அட்டை பிரிக்காமலே கிடந்துது. மேல எழுதின பேரு என் கையெழுத்து.

அதுக்குப் பொறவு நான் யார்கிட்டயும் "ஏன் போடல"ன்னு முதல் கேள்வியாக் கேட்டது இல்ல. "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கீங்க, அதுக்குப் பொறவு என்ன செய்வீங்க"ன்னுதான் கேப்பேன்.

2017-ல இருந்து தினசரி மருந்து, வீட்டுலயே போட்டுக்கிடலாம். கண்ணு முன்னால முழுங்குற அலைச்சல் இப்ப இல்ல. வீட்டுல வச்சு டிபியைக் குணப்படுத்தலாம்னு உலகத்துக்குக் காட்டினதே நம்ம மெட்ராஸ்தான். ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் அது. 1956-ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி. நோயாளிகள்ல பாதிப் பேரைச் சானடோரியம்ங்கிற டிபி ஆஸ்பத்திரியில கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு வச்சாங்க. மீதிப் பேரை அவங்கவங்க நெருக்கடியான வீட்டுலயே வச்சு அதே மருந்தைக் குடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒண்ணுபோலத்தான். வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்கு நோய் கூடுதலாப் பரவவும் இல்ல. 1959-ல அது வெளியான பொறவு சானடோரியத்துக்கு இருந்த மவுசு உலகம் பூரா குறைஞ்சுது. அந்த வீட்டு நோயாளிகளைத் திடீர்னு போய்ப் பாத்து, மிச்சம் இருக்க மாத்திரையை எண்ணுவாங்களாம். நீ பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணினது அதே வேலைதான் பாப்பா. மனசுல குத்தமா எடுத்துக்கிடாத.

அம்மா உன் கல்யாணத்தை நினைச்சுத்தான் விட்டாங்கன்னு நீ நினைக்க. இருக்கலாம். ஆனா அது நீயா நினைச்சது, அவங்க வாயால வந்தது இல்ல. நான் சொல்றதை ரெண்டு நாள் செஞ்சு பாரு. மாத்திரையைப் பத்திப் பேச்சே எடுக்காத. அம்மா எந்திரிக்கும்போது நீயும் எந்திரி. சொளவை எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்துல உக்காந்து இலை வெட்டிக் குடு. வெறும் வயித்துல என்ன குடிக்காங்க, மாத்திரை போட்டா அதுக்குப் பொறவு எப்படி இருக்காங்க, எந்த நேரத்துல எதை முடிக்கணும்னு பறக்காங்கன்னு கண்ணால பாரு. ஏதாவது ஒண்ணு இடிக்கும். அந்த இடிக்கிற இடத்தை மாத்தினா மாத்திரை தானா உள்ள போகும்.

பைக்ல வந்த ஊழியர்கிட்ட, "வீட்டுக்கு வரவேண்டாம் அண்ணே, நானே வந்து வாங்கிக்கிடுதேன், போன்ல கேட்டுக்கிடுங்க"ன்னு தாராளமாச் சொல்லலாம். நோயாளி விஷயத்தை வெளிய சொல்லாம இருக்கிறது அவரு கடமை. மருந்து ஒழுங்காப் போட ஆரம்பிச்சு சில வாரத்துலயே பரவுறது வெகுவாக் குறைஞ்சிரும். டிபி பரம்பரையா வர்ற நோயும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுறதும் சொல்லாததும் உங்க குடும்பத்து முடிவு. ஆனா உன் கல்யாணத்துக்கு அம்மா உசுரோட நிக்கணும், அதுக்குத்தான் இந்த 4 மாசம்.

உன்னையும் தம்பியையும் பரிசோதிச்சாங்களான்னு நீ எழுதல. ஒரே வீட்டுல இருக்கவங்க எல்லாரும் பாக்கணும். நோய் இல்லன்னாலும் வராமத் தடுக்கிற மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை வீதம் 12 வாரம் போடுறது இருக்கு, தினமும் 6 மாசம் போடுறதும் இருக்கு. எது உங்களுக்குன்னு அங்க சொல்லுவாங்க. அம்மா பேங்க் பாஸ்புக்கையும் பதிஞ்சு பாரு, சத்துணவுக்கு அரசாங்கம் போடுற பணம் வருதான்னு. 2018-ல 500 ரூபாயா ஆரம்பிச்சுது, 2024 நவம்பர்ல இருந்து மாசம் 1000.

கொல்லத்துல ஓட்டல் வேலை பாத்தவன் எழுதியது:

தங்கச்சி, நான் அந்த மாத்திரையைப் போட்டு முடிச்சவன். 2019-ல கொல்லத்துல புரோட்டா போட்டுக்கிட்டு இருந்தப்ப வந்துது. ரெண்டு தடவை பாதியில விட்டுருக்கேன். ஏன் விட்டேன்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, மறந்துட்டேன்னு பொய்தான் சொல்லியிருப்பேன்.

அந்த மாத்திரை போட்டா மூத்திரம் ஆரஞ்சுக் கலர்ல போகும். நாங்க ஒம்போது பேரு ஒரே ரூம், ஒரே கக்கூசு. ஒரு நாள் எனக்குப் பின்னால போன பையன் பாத்துட்டு, "அண்ணாச்சிக்கு மஞ்சக்காமாலையா"ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டான். அதுக்குப் பயந்துக்கிட்டு விட்டேன். மாத்திரையை விட்டா கலரும் போயிரும்லா. சோத்துத் தட்டைத் தனியா வச்சிருவாங்களோ, வேலையை விட்டுப் போகச் சொல்லிருவாங்களோன்னு ராத்திரி எல்லாம் அதே நினைப்பு. மறதின்னு சொல்லுறவங்க பாதிப் பேருக்கு உள்ள இந்த மாதிரி ஏதோ ஒண்ணு கிடக்கும்.

கடைசில டீ மாஸ்டர்கிட்ட மட்டும் சொன்னேன். அம்பாசமுத்திரத்துக்காரரு, என்னைவிட மூத்தவரு. அவரு புத்தி ஒண்ணும் சொல்லல. மறுநாள் கடை திறந்ததும் ஒரு கிளாஸ் தண்ணியைக் கல்லா ஓரமா வச்சிட்டு என்னையப் பாத்தாரு. தினமும் வச்சாரு. அவரு வச்ச தண்ணியைக் குடிக்காம இருக்க எனக்கு மனசு வரல. அப்படித்தான் முடிச்சேன். சாராயம் தொட்டா ஈரல் போயிரும்னு சொல்லியிருந்தாங்க, அதையும் அந்த ஆறு மாசம் தொடல, இன்னைக்கு வரைக்கும் தொடல. இப்ப ஊருல சொந்தமா டிபன் கடை வச்சிருக்கேன், ரெண்டு மாடிக்கு வாளித் தண்ணி தூக்குதேன், மூச்சு வாங்கல.

அம்மாவுக்கு நீ அந்த டீ மாஸ்டரா இரு. கேக்காத. தண்ணியை வை.

மருந்தாளுநர் அக்கா எழுதியது:

எல்லாரும் நல்லாச் சொல்லிட்டாங்க, மருந்து சம்பந்தமா விட்டுப்போனதை மட்டும் சொல்லுதேன். வெறும் வயித்துல போட்டாத்தான் மருந்து நல்லா ஏறும். ஆனா குமட்டல் வந்து மாத்திரையே வேண்டாம்னு ஆகுறதுக்கு, லேசா ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போடுறது எவ்வளவோ மேல். காலையில ஒத்துக்கலன்னா ராத்திரிக்கு மாத்தலாம். டாக்டர்கிட்டச் சொல்லிட்டு மாத்துங்க, மாத்தின பொறவு தினமும் அதே நேரத்துல போடுங்க. வயித்தெரிச்சல் மாத்திரையைக் கூடவே சேத்துப் போட வேண்டாம், மருந்து ஏறுறதைக் குறைச்சிரும்.

மூத்திரம் ஆரஞ்சாப் போறது பயப்பட ஒண்ணும் இல்ல, அது மாத்திரையோட சாயம். கால் எரிச்சல், மதமதப்பு இருந்தா அதுக்குன்னு ஒரு வைட்டமின் மாத்திரை இருக்கு, கேட்டா குடுப்பாங்க. ஆனா கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ, சோத்தைக் கண்டாலே வெறுத்தாலோ, கண்ணு மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியலன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதைத் தாங்கிக்கிட்டு வீட்டுல இருக்கக் கூடாது.

சாப்பாட்டையும் மருந்தாவே நினைங்க. ஜார்க்கண்ட்ல 2800 நோயாளிகள் குடும்பத்தை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2023-ல வெளியாச்சு. நோயாளிக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர்னு எல்லாம் சேத்து மாசம் 10 கிலோ குடுத்தாங்க. வீட்டுல உள்ளவங்களுக்கும் சேத்து அரிசி, பருப்பு குடுத்த குடும்பங்கள்ல, மத்தவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. முதல் ரெண்டு மாசத்துல எடை கூடின நோயாளிகள்ல சாவும் குறைவு. அம்மாவுக்கு 3 கிலோ ஏறியிருக்கிறது ரொம்ப நல்ல அறிகுறி. தினம் ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, அவிச்ச பயறு. பெரிய செலவு ஒண்ணும் வேண்டாம்.

ஆலங்குளத்துப் பக்கத்துப் பொண்ணு எழுதியது:

எழுதின எல்லாருக்கும் நன்றி. 12 நாள் கழிச்சு வாரேன்.

சார், நீங்க சொன்ன மாதிரியே மாத்திரைப் பேச்சை எடுக்காம அம்மா கூட எந்திரிச்சேன். அம்மா நாலரைக்கு எந்திரிக்காங்கன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. முந்தின ராத்திரி நனைச்சு வச்ச இலையை எடுத்துத் தகடு வச்சு வெட்டினேன். அம்மா ஒரு கடுங்காப்பியைக் குடிச்சிட்டு உக்காந்தா, எந்திரிக்கவே இல்ல. முதல் நாள் மாத்திரை போடல, நானும் கேக்கல. ரெண்டாவது நாள் நான் பாக்கேன்னு நினைச்சோ என்னவோ, காப்பி குடிச்ச கையோட மூணையும் வாயில போட்டாங்க. அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. அதுக்குப் பொறவு கை நின்னுட்டு. இலையை விரல்ல பிடிச்சிக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டே இருந்தாங்க. உமிழ்நீரை முழுங்கி முழுங்கி, சேலைத் தலைப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டாங்க. தூள் வாடை வேற. பத்து மணி வரைக்கும் அப்படித்தான். அன்னைக்குச் சுத்தினது வழக்கத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல.

அப்பத்தான் அம்மாவே சொன்னாங்க. முதல் ரெண்டு மாசம் உடம்பு முடியலன்னு பாதிதான் சுத்துனாங்க, அதனால இது தெரியல. உடம்பு தேறின பொறவு பழையபடி முழுசாச் சுத்தணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. மாத்திரை போட்ட அன்னைக்கு எண்ணிக்கை குறையுது, கடையில பேச்சு வாங்க வேண்டியிருக்கு. தம்பிக்கு ஃபீஸ் கட்டணும், என் விசேஷம் வருது. அதனால கணக்கு நிறைய முடிக்க வேண்டிய நாளைக்கு மட்டும் மாத்திரையை விட்டுருக்காங்க. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா என்னன்னு நினைச்சேன்டி"ன்னாங்க. எதிர்வீட்டு மைனியைப் பத்திக் கேட்டேன். "அவ கெடக்கா, அவளுக்குப் பயந்துக்கிட்டா நான் மருந்தை விடுவேன்?"ன்னுட்டாங்க.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயி 9 நாள் விட்டதையும், குமட்டலையும் மறைக்காமச் சொன்னோம். டாக்டரம்மா திட்டல. ரத்தம் எடுத்து ஈரல் நல்லா இருக்குன்னு பாத்துட்டு, ராத்திரிக்கு மாத்திக்கிடச் சொன்னாங்க, விட்ட நாளைக் கடைசியில சேத்தாச்சு. இப்ப ஏழு மணிக்கே சாப்பாடு. ஒம்போது மணிக்குப் பீடியைக் கட்டுக் கட்டி முடிச்சதும் நான் சொம்புல தண்ணியை வைப்பேன், கேக்க மாட்டேன். கொல்லத்து அண்ணாச்சி, உங்க டீ மாஸ்டரைத்தான் நினைச்சுக்கிடுதேன். குமட்டல் வர்றதுக்குள்ள அம்மா தூங்கிருதாங்க. காலையில கை ஓடுது. நேத்து எண்ணிப் பாத்தேன், கணக்குச் சரியா இருக்கு. அம்மாவுக்கு நான் எண்ணுறது தெரியும், அவங்களே டப்பாவை எடுத்துக் குடுத்தாங்க.

எனக்கும் தம்பிக்கும் எக்ஸ்ரே எடுத்தாச்சு, நோய் இல்ல. வாராவாரம் போடுற மாத்திரை குடுத்திருக்காங்க.

ஆலங்குளத்துப் பக்கத்துப் பொண்ணு எழுதியது:

சார், ஆடி பொறந்துட்டு. ஒரு சந்தேகம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல போயித் தங்குறது எங்க வீட்டு வழக்கம். அம்மா போயே ஆகணும்னு நேர்ந்திருக்காங்க. நாலஞ்சு நாளு ஆத்தங்கரையில குடில் போட்டு இருப்போம். மாத்திரை முடிய இன்னும் ரெண்டு வாரம் பாக்கி. கூட்டிட்டுப் போகலாமா, மாத்திரையை எப்படிக் கொண்டுபோக?

பாளை, பழைய டிபி ஊழியர் எழுதியது:

தாராளமாப் போங்க பாப்பா. தங்குற நாளுக்கு மேல மூணு நாள் மாத்திரை கூட எடுத்துக்கோ, கூட்டத்துல பஸ் கிடைக்காம இருந்துட்டா உதவும். எல்லாத்தையும் ஒரே பையில வைக்காத. பாதியை உன் பையிலயும் பாதியை அம்மா பையிலயும் வை. அங்க எந்த நேரமும் சாரல் அடிக்கும், அட்டையோட பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இறுக்கமா மூடுற டப்பாவுல போடு. குடிக்கக் கொதிக்க வச்ச தண்ணி ஒரு பாட்டில் தனியா இருக்கட்டும். ராத்திரி கோயில்ல கொட்டுச் சத்தம் கேட்டா அம்மா அங்க போயிருவாங்க, அதனால ஒம்போது மணிக்கு உன் போன்ல அலாரம் வச்சிக்கோ.

திரும்பி வந்து மாத்திரை முடிஞ்சதும் கடைசிச் சளிப் பரிசோதனை இருக்கு. அதுக்குக் காலையில எந்திரிச்சதும் வாயைக் கொப்பளிச்சிட்டு, ஆழமா இருமி எடுக்கிற முதல் சளி வேணும். டப்பாவை முந்தின நாளே வாங்கி வச்சிரு.